சுடலைமுத்துவும் நிலப்பூசணிப் பொடியும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரமும் சர்க்கரை நோயும் வந்துவிட்ட பிறகும் புத்தி மட்டும் வந்து சேராத காலத்தில், சுடலைமுத்து என்றொரு கரடி இருந்தது. ஆந்தை டாக்டர் கொடுத்த மாத்திரையை ஆறு மாதம் தின்றும் சர்க்கரை இறங்கவில்லை. காலில் இருக்கும் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அதற்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து 'வன உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் குரங்கு ஒரு செய்தி போட்டது. நிலப்பூசணிக் கிழங்குப் பொடி சர்க்கரையை விரட்டும், குடியை நிறுத்தும், நரையைக் கறுப்பாக்கும். யார் சொன்னது என்று குரங்குக்கே தெரியாது.

கரடி முள்ளம்பன்றியிடம் ஓடியது. அது தலைமுறை தலைமுறையாகக் கிழங்கு தோண்டும் இனம்.

"இடிச்சு, தண்ணியில கரைச்சு, அடியில படியுத மாவுல கஞ்சி வச்சா நல்லாருக்கும்ணே. நாங்க பசிக்குத் திங்கோம். மாத்திரை போடுதவங்க டாக்டர்ட்ட கேட்டுக்கிடணும்."

"கிழங்குக்குப் போயி டாக்டரா?" என்றது கரடி.

கேட்டால் டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான் விஷயம். நோயைவிட டாக்டரின் வாய்க்குப் பயப்படுகிற காடு அது.

முள்ளம்பன்றி தோண்டிக் கொடுத்த கிழங்கை இடித்துப் பொடியாக்கி, காலையில் மூன்று கரண்டி, மாலையில் மூன்று என்று தின்றது. மாத்திரையையும் விடவில்லை, எது கேட்கிறதோ கேட்கட்டும். பத்தாம் நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று படிவம் நிரப்பியது. 'வேறு மருந்து எடுக்கிறீர்களா?' என்ற இடத்தில், 'இல்லை'.

சர்க்கரை இறங்கியிருந்தது. ஆந்தைக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீரா? எல்லாம் நான் குடுத்த மாத்திரை! இன்னும் ஒண்ணு கூட்டுவோம்."

மறுநாள் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, கரடி வேர்த்து, நடுநடுங்கி, கண் இருண்டு உட்கார்ந்துவிட்டது. பெண்டாட்டி பேச்சியம்மாள் பதறிப்போய், கைக்குக் கிடைத்த தேனடையைப் பிழிந்து குடிக்கக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் போன உயிர் திரும்பியது.

பேச்சியம்மாள் பொடி விஷயத்தைப் போட்டு உடைத்ததும் ஆந்தை கிழங்கைத் திட்டியது. குரங்கு மாத்திரையைத் திட்டியது. பிறகு இரண்டும் ஒன்றுசேர்ந்து, "தோண்டிக் குடுத்தது நீதானே?" என்று முள்ளம்பன்றியைக் குழுவிலிருந்து நீக்கின. பொய் எழுதிய கரடியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரே பாவம் பார்க்கும்போது வாயைத் திறப்பானேன்?

வாயைத் திறக்கவில்லை, போனைத் திறந்தது. 'சர்க்கரைக்குத் தேனே மருந்து. பிழைத்த நானே சாட்சி. பத்துப் பேருக்கு அனுப்பவும்.'

நீதி: பிழைத்தவனெல்லாம் வைத்தியன், பிழைக்காதவன் குழுவில் செய்தி போடுவதில்லை.