குரைக்கும் மயில்

ஒரு காட்டில், புலிக்கு மூட்டுவலி வந்துவிட்டதால் எல்லாரும் பயமில்லாமல் கடைகண்ணிக்குப் போய்வந்த ஒரு காட்டில், சாரங்கபாணி என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். நல்ல மனுஷர் என்று காடே சொல்லும். சீட்டாட்டம் கிடையாது, புகையிலை கிடையாது. பழைய சாமான் பைத்தியம் ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் காட்டோரத்துப் புளியமரத்தடியில் பழைய சாமான் சந்தை கூடும். டவுனில் மனிதர்கள் வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போடுவதையெல்லாம் கொண்டல்சாமி என்ற பெருச்சாளி இழுத்து வந்து, சாக்கு விரித்துக் கடை போடுவார். கிழங்கு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். பழையதைக் கொடுத்தும் மாற்றிக்கொள்ளலாம்.

உருப்படியான சாமானைச் சாரங்கபாணி திரும்பியும் பார்க்கமாட்டார். ஓட்டையில்லாத அண்டாவைப் பார்த்தால் அவருக்குக் கொட்டாவி வரும். அவர் தேடுவது வேறு. அன்னாசிப்பழ வடிவத்தில் ஒரு விளக்கு. தலை தொலைந்துபோன தலையாட்டி பொம்மை. மூடியைத் திறந்தால் பாதிப் பாட்டு பாடிவிட்டு இருமுகிற நகைப்பெட்டி. ஊதா நிற அருவியின் கீழே ரோஜா நிற வாத்து நீந்தும் வெல்வெட் படம். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் போதும், முதுகு முள்ளெல்லாம் தானாகச் சிலிர்த்துக்கொள்ளும்.

வளையில் இடமே இல்லாமல் போயிற்று. மகள் சுகந்தி வாத்துப் படத்துக்கு அடியில் சுருண்டு படுத்தே வளர்ந்தாள். மனைவி குமுதவல்லி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, இந்த வளையில நான் இருக்கணுமா, அந்த அன்னாசிப்பழம் இருக்கணுமா?"

சாரங்கபாணி உடனே பதில் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் யோசித்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. இரண்டு நாள் வளைக்கு வெளியே படுத்தார்.

இந்த நேரத்தில்தான் சுகந்திக்கு ஒரு வரன் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம். பையன் பெயர் சிற்றம்பலம். நல்ல முள், நல்ல குணம் என்று தரகர் காக்கை சொன்னது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"காலையிலேயே இந்தக் குப்பை மொத்தத்தையும் அந்தப் பெருச்சாளிகிட்டயே கொண்டுபோய்க் கொட்டிட்டு, வெறுங்கையா வரணும்" என்றாள் குமுதவல்லி. "எதையாவது தூக்கிட்டு வந்தீங்க, பொண்ணு கல்யாணத்தை வாத்தோட நீங்களே உக்காந்து நடத்திக்குங்க."

சாரங்கபாணி மறுபேச்சுப் பேசவில்லை. மகள் விஷயம் அல்லவா? எல்லாவற்றையும் ஒரு கிழிந்த கொசுவலையில் மூட்டை கட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சந்தைக்கு இழுத்துப் போனார். உண்மையிலேயே வெறுங்கையோடு திரும்பத்தான் போனார்.

போன இடத்தில் அந்த மயிலைப் பார்த்தார்.

பீங்கான் மயில். தோகையில் பாதி உடைந்திருந்தது. உடம்பெல்லாம் தங்கப் பெயிண்ட், வயிற்றில் கடிகாரம். ஒரு கண் இவரைப் பார்த்தது, மறு கண் புளியமரத்தைப் பார்த்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடிக்கும் நேரம் வந்தது. மயில் வாயைத் திறந்து, "வவ் வவ்" என்று குரைத்தது.

சந்தையே அலறி மரத்தில் ஏறியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" என்று கத்தினார் கொண்டல்சாமி. "டவுன்ல எவனோ ரிப்பேர் பண்றேன்னு நாய் பொம்மையோட தொண்டையை இதுல மாட்டிவிட்டுட்டான்."

சாரங்கபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அசிங்கமான ஒரு பொருளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஆனால் அனுபவஸ்தர். வேண்டிய சாமானை நேராகப் பார்த்தால் விலை ஏறிவிடும். அதனால் மயிலுக்குப் பக்கத்தில் கிடந்த உடைந்த குடையைக் காட்டி, "இது என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"அந்தக் குடையை நான் எடுத்துக்கிறேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினார். கனத்த உடம்போடு ஒரு முள்ளம்பன்றி அம்மாள். அவள் கண்ணும் குடையில் இல்லை. ஓரக்கண்ணால் மயிலைத்தான் மேய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் முதல்ல கேட்டேன்மா."

"நான் ஒரு கிழங்கு கூடத் தர்றேன்."

இரண்டு பேருக்கும் வேண்டாத குடைக்கு இரண்டு பேரும் போட்டி போட்டார்கள். குடைக்கு இப்படியொரு மவுசா என்று கொண்டல்சாமி அதைத் துடைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சாரங்கபாணி குரலைத் தாழ்த்தினார். "அம்மா, பார்த்தா ரசனை உள்ளவங்களா தெரியுறீங்க. அந்தக் கடைசிக் கடையில, கிளி மூக்கு வச்ச டீ கப்பு, ஒரு செட்டே இருக்கு. யாரும் இன்னும் பார்க்கலை."

அந்த அம்மாள் ஓடினாள். அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக யாரும் ஓடிச் சாரங்கபாணி பார்த்ததில்லை. அவள் தலை மறைந்ததும் தன் மூட்டை முழுவதையும், அன்னாசியும் வாத்தும் நகைப்பெட்டியும் உட்பட, பெருச்சாளியிடம் தள்ளிவிட்டு மயிலை இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

கடைசிக் கடையில் கரண்டியும் சல்லடையும்தான் இருந்தன. திரும்பி வந்த அம்மாள், காலியான இடத்தைப் பார்த்துப் போட்ட சத்தம் மலை வரைக்கும் கேட்டது.

"உன் முள்ளெல்லாம் கொட்டி மொட்டையாப் போவடா!"

சாரங்கபாணி திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார். வீட்டுக்குப் போனதும் மயிலின் வாயில் ஒரு கிழங்கைத் திணித்து, கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். குமுதவல்லி வந்து பார்த்தாள். வளை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவள் கணவனைப் பார்த்து ஆசையாகச் சிரித்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முதலில் பேசாத அப்பா. அப்புறம் பையன். அப்புறம் வாசலை அடைத்துக்கொண்டு பையனின் அம்மா தேவசேனை நுழைந்தாள்.

காலையில் குடைக்குப் போட்டி போட்ட அதே அம்மாள்.

சாரங்கபாணி கிழங்கு மூட்டையை மறைத்துக்கொண்டு நின்றார். அவளோ முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

"காலையிலேயே கிளம்பி நிதானமா வந்திருப்போம்" என்றார் பேசாத அப்பா, அதிசயமாகப் பேசி. "இவ பல்வலின்னு வைத்தியர்கிட்டப் போயிட்டா."

"ஆமா, ஒரே கூட்டம்" என்றாள் தேவசேனை, சாரங்கபாணியை முறைத்துக்கொண்டே. "எனக்கு முன்னால ஒரு மோசக்காரன் புகுந்துட்டான்."

"ஐயோ பாவம்" என்றாள் குமுதவல்லி. "அப்படிப்பட்டவன் குடும்பம் விளங்குமா?"

"அதைத்தான் பார்க்க வந்திருக்கேன்" என்றாள் தேவசேனை.

சாரங்கபாணி வறுத்த கிழங்குத் தட்டை நீட்டினார். சரியாக அந்த நேரத்தில் மயிலின் வாயிலிருந்த கிழங்கு தெறித்து விழ, மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டது:

"வவ் வவ்! வவ் வவ்!"

முள்ளம்பன்றிக்கு நாய் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நொடியில் எல்லா முள்ளும் நட்டுக்கொண்டது. எல்லாரும் பின்பக்கமாகப் பாய்ந்தார்கள். குறுகலான வளை. குரைப்பு ஓய்ந்தபோது மாப்பிள்ளையின் அப்பா குமுதவல்லியிடமிருந்து தன் முள்ளை உருவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் முள்ளில் பாதி சாரங்கபாணியின் தொடையில் இருந்தது.

வந்தவர்களில் தேவசேனை மட்டும் பயப்படவில்லை. அவளுக்குத்தான் அந்தக் குரல் தெரியுமே.

குமுதவல்லி கிழங்கு மூட்டையை நகர்த்தினாள். தங்க மயில் ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் அவள் புருஷனையும் பார்த்தது.

"என்னங்க இது?"

உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாமா என்று சாரங்கபாணி ஒரு கணம் நினைத்தார். கேட்கிற உங்களுக்கும் அதுதான் நியாயமாகப்படும். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தியம்மாவுக்குச் சீர் வாங்கி வச்சேன். அவங்க ரசனைக்கு ஏத்த மாதிரி ஒண்ணு கொடுக்கணுமேன்னு, இருந்த சாமானையெல்லாம் கொடுத்து வாங்கினேன்."

சொல்லும்போதே நெஞ்சு விண்டுபோயிற்று.

தேவசேனை எழுந்தாள். மயிலை எடுத்து மடியில் வைத்து, உடைந்த தோகையைத் தடவிக்கொடுத்தாள். அவள் முள்ளெல்லாம் ஒவ்வொன்றாகப் படிந்தது.

"இப்படியொரு குணம் யாருக்கு வரும், அண்ணே? எனக்குச் சம்மதம்" என்றாள். குமுதவல்லியோ, குப்பை போயிற்று, சம்பந்தமும் முடிந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர்கள் வெற்றிலை மாற்றும்போது பையனும் பெண்ணும் வெளியே போய்ப் பேசினார்கள்.

"உங்களுக்குப் பழைய சாமான் பிடிக்குமா?" என்று சுகந்தி மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டுல உக்கார இடமில்ல. நான் நின்னுக்கிட்டே வளர்ந்தவன்" என்றான் சிற்றம்பலம்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் சுகந்தி அவனுக்கு மனதைக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்ததும் இருவரும் ஆற்றங்கரையில் தனி வளை தோண்டிக் குடிபோனார்கள். பெரிய வளை. உள்ளே ஒரு சாமான் இல்லை. ஒரு பாய்கூட இல்லை. இருவரும் கையைக் காலை நீட்டி, மூலைக்கு மூலை உருண்டு சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் சுகந்தி ஒரு தப்புப் பண்ணினாள். இரண்டு வீட்டுப் பெற்றோரும் வந்தபோது வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"இங்க இடமோ இடம்ப்பா!"

சாரங்கபாணி தேவசேனையைப் பார்த்தார். தேவசேனை சாரங்கபாணியைப் பார்த்தாள். சம்பந்திகள் இருவருக்கும் ஒரே நேரத்தில் முள் சிலிர்த்தது.

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்தே சந்தைக்குப் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறு ஆற்றங்கரை வளைக்கு ஒரு கட்டில் வந்தது, கால் மட்டும் இல்லை. அப்புறம் ஒரு மீன்தொட்டி, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தாஜ்மகால். இப்போது அந்த ஆற்றங்கரைப் பக்கம் போனால், தேள் படம் போட்ட நல்வரவுப் பலகைக்கு அடியில், சுகந்தியும் சிற்றம்பலமும் வாசலில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

நீதி: பெற்றோரிடம் எதையும் மறைக்காதீர்கள், வீட்டில் இடம் இருப்பதை மட்டும் மறைத்துவிடுங்கள்.