உணக்கு அண்ணாச்சியும் கிழிந்த கையுறையும்

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையே ஓர் ஆளுக்குப் பயந்து வாசலில் நின்றது என்றால், அந்த ஆள் எங்கள் உணக்கு அண்ணாச்சிதான். உணக்கு என்றால் திருவனந்தபுரத்துப் பக்கம் காயவைப்பது. சூரிய மின்கல ஆய்வகத்தில் அவர் டெக்னீஷியன். நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே ஈரக் குடையை மேஜைக்கு அடியில் ஒளித்துவிடுவேன்.

ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரக் குடும்பம் அவருடையது. ஈரம் பட்டால் மூட்டை போச்சு என்று பயந்தே வளர்ந்தவர். அந்தப் பயத்தை அப்படியே கிளவ் பாக்ஸுக்குக் கொண்டு வந்துவிட்டார். அது நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி. அதில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். ஈரக்காற்று துளி புகுந்தாலும் உள்ளே செய்கிற மின்கலம், அதாவது செல், பாழ்.

தலைக்குக் குளித்து வந்தவர்களை மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் உட்கார வைப்பார். குளிக்காமல் வந்தவர்களுக்கு நல்ல பெயர். பார்வையிட வந்த ஒரு பெரிய விஞ்ஞானி பெட்டிக்கு முன்னால் தும்மிவிட்டார். அண்ணாச்சி அவர் முழங்கையைப் பிடித்து வராந்தாவில் கொண்டுபோய் விட்டு, கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

கையுறை கிழியும் என்று மோதிரத்துக்கும் அங்கே தடை. போட்டுக்கொண்டு பிடிபட்டால் ஒரு மாதம் பெட்டிப் பக்கமே போகக் கூடாது.

எனக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. மோதிரத்தைக் கழற்றக் கூடாது என்று நாகர்கோவிலில் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பி, மேலே மெல்லிய ரப்பர் உறை போட்டு அண்ணாச்சியின் கண்ணை மறைத்தேன்.

அன்றைக்குப் பெட்டியில் இருந்தது என் கடைசிச் செல். அதில் பூசியிருந்தது எட்டு மாதம் பாடுபட்டுத் தயாரித்த திரவப்படிகம். இனி ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை. அதன் மூலக்கூறுகள் தட்டில் அடுக்கிய தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தால்தான் மின்சாரம் ஓடும். அதற்குச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். இந்தச் செல்லும் வேலை செய்யாவிட்டால் தலைப்பையே விட்டுவிடச் சொல்லியிருந்தார் என் வழிகாட்டி. நான்கு வருஷம் வீண்.

ஆறத் தொடங்கியதுதான் தாமதம், மோதிரக் கல் கையுறையைக் கிழித்துவிட்டது. பெட்டியின் அழுத்தம் காட்டும் முள் இறங்கியது. “அண்ணாச்சி!” என்று கத்தினேன்.

அண்ணாச்சி ஓடி வந்தார். என் கையை உருவிவிட்டு, கையுறையை வெளியே இழுத்து, கிழிசலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். டேப் ஒட்டலாமா என்று கேட்டேன். பிசின் வாடை உள்ளே போகுமாம். அவருக்கு அதற்கும் பயம்.

“மோதிரமா?” என்றார்.

“நிச்சயத்துக்குப் போட்டது அண்ணாச்சி. கழத்தப்பிடாதுன்னு அம்மா சொன்னா...”

“ஆறி முடிய எவ்வளவு நேரம் உண்டு?”

“ஒன்றரை மணிக்கூர்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கக் கையில்லை. நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றேன்.

“எனக்கும் பயமாட்டுதான் இருக்கு மோளே. கை மாறுறதுக்குள்ள காத்து கேறிரும். நீ முள்ளைப் பாத்துச் சொல்லிட்டே இரு, கேட்டியா?”

ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றார். பிறகு நான் மறுபக்கத்துக் கையுறைகளில் கைவிட்டுச் செல்லை மூடி ஒட்டினேன். விளக்கொளியில் வைத்தபோது மின்சாரம் வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வழிகாட்டி தலையாட்டும் அளவுக்கு வந்தது. அண்ணாச்சி விரல்களை நீட்ட முடியாமல் பிசைந்துகொண்டே போய்விட்டார்.

கிழிந்த காரணத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எனக்கு ஒரு மாதத் தடை நிச்சயம் என்று மறுநாள் பயந்து பயந்து அதைத் திறந்தேன். அண்ணாச்சி விறைத்த விரலால் எழுதிய கோணல் எழுத்து: ‘கையுறை பழசு. மாற்றாமல் விட்டது என் தவறு.’

அந்தக் கையுறை அவரே திங்கட்கிழமை மாட்டிய புதுசு. எழுதிய தவறுக்காக மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார், அப்போதும் அண்ணாச்சி என் மோதிரத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான்கு வருஷம் அந்த மனிதரைக் கண்டு நடுங்கியிருக்கிறேன். என் அப்பாவைத் தவிர எனக்காக அப்படி நின்றவர் வேறு யாருமில்லை.