இரண்டாம் ஓலைக்கு முன் எடுத்த படங்கள்

ஓய்வுபெற்ற அரசு அதிகாரியின் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது என்று இதுவரை எந்த விதியும் இல்லை. இருந்திருந்தால் என் குடும்பம் முதல் ஆளாக அதை வரவேற்றிருக்கும்.

துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றதும் நெய்யாற்றின்கரையில் ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்தேன். (எதிலும் சேராவிட்டால் வீட்டில் ரேஷன் கடைக்கு அனுப்புவார்கள்.) கண்காட்சிக்காக எனக்கு ஒதுக்கிய தலைப்பு, நகரத் தெருவில் ஆண்களின் உடை. நடந்து போகிறவர்களை அவர்கள் அறியாமல் எடுக்க வேண்டும், அதுதான் அழகு என்றார் செயலாளர். முன்அனுமதி இல்லாமலா? நடைமுறை பிசகாமல் பணியை முடித்தவனிடம் சொல்கிற பேச்சா அது?

திருவனந்தபுரம் பாளையத்தில் போய் நின்றேன். நன்றாக உடுத்திய இளைஞர்களாகப் பார்த்து மறித்தேன். படத்தின் கீழே போடுவதற்காகப் பெயர், ஊர், வேலை, திருமணம் ஆனவரா என்று விசாரித்தேன். (கடைசிக் கேள்வி எதற்கென்று எனக்கே தெரியாது. எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும், வாயில் வந்துவிட்டது.) அனுமதி கேட்ட நொடியில், வேட்டியை மடித்துக் கட்டி ஒயிலாக நின்றவன் மடிப்பை இறக்கிவிட்டு விறைத்து நின்றான். கிழிந்த ஜீன்ஸ் போட்டவன் கிழிசலைக் கையால் மறைத்துக்கொண்டான். இரண்டு காதும் தெரியட்டும் என்று நான் வேறு திருத்தினேன்.

எங்கள் பக்கத்து ஊரான கொல்லயிலைச் சேர்ந்த ஒருவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கேட்டான்: "சாருக்கு மகள் உண்டா?"

உண்மையை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. "உண்டு. பேங்க்ல வேலை."

அவன் சற்றே ஒருக்களித்து நின்று, இன்னொரு படமும் எடுக்கச் சொன்னான்.

அந்த மகளுக்குத்தான் காரக்கோணத்தில் மாப்பிள்ளை உறுதியாகியிருந்தது. எங்கள் சபையில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்களின் பெயரை வாசித்து, தடை உண்டா என்று போதகர் கேட்பார். அதற்கு ஓலை வாசிப்பு என்று பெயர். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் இடைப்பட்ட வாரத்தில்தான் இந்த அறிவாளி பாளையத்தில் பையன்களை விசாரித்துக்கொண்டிருந்தது.

ரயிலில் நான் ஊர் சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் சம்பந்தி, மாப்பிள்ளையுடன் வந்து இறங்கினார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"சம்மந்தி, எனக்க மவனப் பிடிக்கல்லேன்னா மொகத்துக்கு நேரே சொல்லணும். ஒரு ஓலை வாசிச்ச பெறவு வேற பயலுவளத் தேடியது மரியாதை இல்ல."

விளக்கமளித்தேன். சாட்சியமாகக் கேமராவை நீட்டினேன். திறமையான வக்கீல்கூட என் வழக்கை இவ்வளவு விரைவாகத் தோற்கடித்திருக்க முடியாது. சிரிக்காமல், நிமிர்ந்து, இரண்டு காதும் தெரிய, வரிசையாக மாப்பிள்ளைகள்.

ஒருவனைக் காட்டி யார் என்றார் சம்பந்தி. "கொல்லயில் பையன். கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் ஆகல்ல" என்று ஒப்பித்தேன்.

"சம்பளத்தையும் சொல்லுங்க, கேக்கட்டும்" என்றாள் என் மனைவி அடுக்களையிலிருந்து.

சம்பந்தி எழுந்துவிட்டார். நாளைக்குப் போதகர் தடை உண்டா என்று கேட்டால் தானே எழும்பப் போவதாகச் சொன்னார். மகள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். சர்வீஸில் வாங்கிய மெமோ எதுவும் என்னை அப்படிச் சுட்டதில்லை.

மாப்பிள்ளை மட்டும் கேமராவை வாங்கி, நிதானமாக ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்.

"அப்பா, இருங்க. மாப்பிள்ளை தேடிய ஆளு இப்படியா படம் எடுப்பாரு? இதக் கண்டா ஒரு பெண்ணும் இவனுவளக் கெட்ட மாட்டா. மாமா நம்ம பக்கமாக்கும்."

மகள்தான் முதலில் சிரித்தாள். சம்பந்தி சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார், ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் போதகர் தடை உண்டா என்று கேட்டபோது, சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். கண்காட்சிக் குழு என் படங்களைத் திருமணத் தகவல் மையத்துக்கு அனுப்புமாறு பரிந்துரைத்தது.

இப்போதும் மகளுக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம் முற்றினால், அவள் குரலைத் தாழ்த்தி என்னிடம்தான் கேட்பாள்: "அப்பா, அந்தப் படங்க எல்லாம் பத்திரமா உண்டா?"

"அழிக்க உத்தரவு ஒண்ணும் வரல்ல மக்கா" என்பேன்.

மருமகன் எழுந்து மீன் வாங்கப் போய்விடுவார்.