பதினோரு எழுத்து காத்த காந்திமதிநாதன்

ரகசியம் காத்தவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் ‘எல்லோருக்கும் சொல்லவும்’ என்று உத்தரவு வந்ததையே ரகசியமாகக் காத்த மகான், தென்காசியில் ஒரு வங்கிக் கிளையின் மேலாளராக இருந்த காந்திமதிநாதன் ஒருவர்தான்.

1992 ஜூனில் தலைமை அலுவலகம் அந்தக் கிளைக்குப் பதினோரு எழுத்தில் ஒரு குறியீடு அனுப்பி, வாடிக்கையாளர் எல்லோருக்கும் சொல்லவும் என்று உத்தரவிட்டது. இன்ன வங்கி, இன்ன நாடு, இன்ன ஊர், இன்ன கிளை என்பதுதான் அதன் பொருள். வெளிநாட்டில் பணம் கட்டுகிறவர் அதை எழுதிக் கொடுத்தால் பணம் வழி தவறாமல் வந்துவிடும். காந்திமதிநாதனோ வங்கிகள் தந்தியில் பணம் அனுப்பிய காலத்துச் சங்கேதப் புத்தகத்தை இருபது வருஷம் பூட்டிக் காத்தவர். குறியீடு என்ற சொல்லைப் பார்த்ததுமே கவரில் போட்டு, அரக்கு வைத்து, பெட்டகத்தில் பூட்டினார்.

மறுவாரம் அச்சன்புதூரிலிருந்து ரஹ்மத் வந்தாள். மகளுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும். பணம் துபாயில், புருஷன் முகம்மது மீரான் கையில் இருந்தது.

“கோடு நம்பர் இல்லாம அங்கன பணத்த வாங்க மாட்டேங்கானாம் சார். அவுக கேக்காவ.”

“அது ரகசியம்மா.”

குமாஸ்தா வல்லிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. “சார், அது கவர்மேல எழுதுத அட்ரஸ் மாதிரி. தெரிஞ்சா பணம் உள்ளதான் வரும், வெளிய போகாது.”

“நல்லா யோசிச்சுப் பாரும்வே. தெரிஞ்சா எவன் வேணும்னாலும் நமக்குப் பணம் அனுப்பிருவாம்லா?”

இந்தத் தொலைநோக்கைக் கேட்டு வல்லிநாயகம் பேரேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அப்பம் எனக்குச் சொல்லாண்டாம். அவுகளுக்கே சொல்லிருங்க” என்று ரஹ்மத் கெஞ்சினாள்.

மேலாளர் மனம் இரங்கினார். கணக்கு மீரான் பெயரில்தானே இருக்கிறது? உடனே சொந்தச் செலவில் தந்தி அடித்தார். ரகசியம் கசியக் கூடாதே என்று மூன்றே சொல்: ‘உடனே நேரில் வரவும்.’

ஊரிலிருந்து அப்படி ஒரு தந்தி வந்தால் மனுஷன் என்ன நினைப்பான்? வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று மீரான் அழுதான். முதலாளியிடம் சொல்லாமல் கொள்ளாமல், கையிலிருந்த பணத்துக்கு டிக்கெட் எடுத்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வந்து சேர்ந்தபோது ஜூலை இரண்டாம் தேதி.

காந்திமதிநாதன் அவனைப் பெட்டக அறைக்குள் கூட்டிப்போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதினோரு எழுத்தையும் காதில் ஓதினார். “யார்ட்டயும் சொல்லிராதேயும்.”

“யார்ட்ட சார் சொல்ல? எம் மவ சீட்டும் போச்சு, என் வேலையும் போச்சு. இனி அனுப்புததுக்கு அங்கன ஆளு இல்ல.”

அந்த வருஷம் குற்றாலத்தில் நடந்த வட்டாரக் கூட்டத்தில் காந்திமதிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘வெளிநாட்டுப் பண வகையில் ஒரு பைசாகூடப் போகாத கிளை’ என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். உண்மைதான். போனது ஒரு பெண்ணின் படிப்பும் ஒரு மனிதனின் பிழைப்பும். அதை யாரும் வாசிக்கவில்லை.