தோவே அன்னத்துணி பின்னிய படலம்

வாழி, உப்புநீரில் ஊறி வெடித்த விரலாள். வாழி, மீனின் நடுமுள்ளை ஒரே வீச்சில் உருவும் கத்திக் கரத்தாள். டென்மார்க்கின் மேற்குக் கரையில், காற்று ஓய்வறியாத தீபரூன் துறைமுகத்து மீன்கொட்டகையின் வீராங்கனை தோவே வாழி. அவள் போர்க்கோலம் பூண்ட கதையைப் புவியோர் கேட்கக் கடவர்.

அவள் கணவன் ஏகோனின் தமக்கை கிரேத்தே. கிரேத்தேயின் சமையலறையில், கழுவுதொட்டிக்கு மேலே, பித்தளைக் கொக்கி ஒன்று அரியணைபோல் விளங்கிற்று. கையால் பின்னிய பருத்தித் துடைதுணிகளில் சிறந்தது எதுவோ அதுவே அங்குத் தொங்கும். கிரேத்தேயின் சென்ற பிறந்தநாளுக்குத் தோவே கடையில் வாங்கிக் கொடுத்த துணியோ வாசலோடு நின்றுவிட்டது. அதைக்கொண்டு நாயின் சேற்றுக்காலைத் துடைத்தபடியே கிரேத்தே திருவாய் மலர்ந்தாள்: "கடைத்துணி இதுக்குத்தான் தோது தோவே. பின்றதுக்கெல்லாம் உனக்கு எங்க கை வணங்கப் போகுது?"

வீடு திரும்பும் வழியிலேயே வஞ்சினம் பிறந்தது. "அந்தக் கொக்கியில என் துணி தொங்குற வரைக்கும் உங்க அக்கா வீட்டுக் கேக்கைத் தொடமாட்டேன்."

"கேக்கு நல்லாத்தானே இருக்கும்" என்றான் ஏகோன், போரின் மாண்பறியாதவன்.

நூற்கடையில் மங்கிய, சொரசொரத்த, ஏழைப் பருத்தி நூல்களையெல்லாம் புறங்கண்டு, நிலவை உருக்கி இழைத்தாற்போன்ற பளபளப்பு நூலைச் சிறைபிடித்து வந்தாள். "துடைக்கிற துணிக்கு எதுக்கு இந்த மினுக்கு? தண்ணி குடிக்குமா?" என்ற ஏகோனை அவள் பார்த்த பார்வையில் அவன் தன் மீன்படகுக்கே போய்விட்டான்.

ஊசி இரண்டும் வேலாக, கண்ணிகள் படையாக, மாலைதோறும் நடந்தது அமர். வெடித்த விரல்களில் நூல் சிக்கிற்று. கோழைக் கண்ணியொன்று நழுவி ஓட, அதன் பின்னே அணியணியாய்ச் சேனை சிதறிற்று. அவள் அனைத்தையும் பிரித்து மீண்டும் அணிவகுத்தாள். மெல்ல, துணியின் நடுவே, மேடும் பள்ளமுமாய் ஓர் அன்னம் எழுந்தது.

"வாத்து நல்லா வந்திருக்குடி" என்றாள் உடன் மீன் அறுக்கும் லோனே, ரொட்டியை மென்றபடி.

"அன்னம்டி அது."

"அப்ப கழுத்து எங்க?"

கழுத்து மீண்டும் பின்னப்பட்டது.

பிறந்தநாளும் புலர்ந்தது. கிரேத்தே பொதியவிழ்த்தாள், பழந்துணியை இறக்கிவிட்டு அன்னத்தைக் கொக்கியில் ஏற்றினாள். தோவே வெற்றிவாகை சூடி, ஓராண்டுப் பசியோடு கேக்கில் இறங்கினாள். அவ்வேளை ஏகோனின் முழங்கை பட்டுக் காப்பிக்குடம் கவிழ்ந்தது. ஊழிவெள்ளம் மேசைமேல் புரண்டது. துடைக்கக் காகிதத்தைத் தேடிய கிரேத்தே தோவேயிடம் சொன்னாள்: "அன்னத்தை எடுத்துறாத, அழகுக்கு இருக்கட்டும். துடைக்க அது லாயக்குப்படாது."

"அழகுக்கா பின்னினேன்? துடைக்கத்தான் பின்னினேன் அண்ணி" என்று முழங்கி, கொக்கியினின்று துணியை உருவி, மதகளிறு மதில் பாய்ந்தாற்போல் மேசைமேல் பாய்ந்தாள் தோவே. பாலையும் நீரையும் பிரித்துப் பருகும் பறவையென்று பாடப்பெற்ற அன்னம், பாலையும் பருகவில்லை, காப்பியையும் பருகவில்லை. பளபளப்புக் குலையாமல் வெள்ளத்தின்மேல் மிதந்து, அதைக் கிழக்கே தள்ளி, மேற்கே தள்ளி, ஈற்றில் மேசை விளிம்பைத் தாண்டித் துரத்திற்று.

கீழே கொட்டிய காப்பியை நாய் நக்கியது.