இரண்டு அங்குல உயர்வு

நாற்பத்து மூன்றாவது பிறந்தநாளன்று காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒரு முடிவெடுத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது மனைவியைக் கேட்காமல் செய்வது. வாயில் நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அந்தக் காரியம் என் ஜீப்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரார் பார்வையைச் சரிசெய்வது தொழில். மனைவி கால்நடை டாக்டர். மலைச்சரிவில் இருக்கிற மாட்டுப் பண்ணைகளுக்கு ஸ்கூட்டரில் போவாள். ஸ்கூட்டர் ஏறாத இடத்தில் அதைச் சாய்த்து நிறுத்திவிட்டு, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். வாயில்லாத பிராணிகளோடு பழகிப் பழகி, நான் வாய் திறப்பதற்கு முன்பே எனக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவாள். இதை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

ஜீப்புக்கு இருபது வயது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. நடைமுறையில் வண்டியே ஒரு இழுவைதான். வேகத்தடையில் ஏறினால் அடிவயிறு உரசும். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கூட்டம் சேரும். ஆள் உயர ஜீப்புகளைப் பாறைமேல் ஏற்றி இறக்குவார்கள். ரோட்டோரத்தில் நின்று வேலி வழியாகப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். உள்ளே போய் ஒருவரிடமும் பேசியதில்லை. என் வண்டியோடு அங்கே போனால் யாரோ வழி கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

ஆகவே மெக்கானிக்கிடம் போனேன். எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்றே ஆரம்பிப்பார் என்பதால் அவருக்குப் பெயரே பொறுமை. வண்டியை ஆறு அங்குலம் தூக்க வேண்டும், வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றேன். பொறுமை சாம்பல் நிறத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். பிறகு யாருக்கோ போன் பேச வெளியே போனார். உதிரிபாகக் கடைக்கு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து, ஆறு அங்குலம் வேண்டாம், இரண்டு போதும் என்றார். அதிகம் தூக்கினால் கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகிற தண்டு ரொம்பச் சாய்ந்து, அதன் மூட்டுகள் தேயுமாம். சரிவில் வண்டி கவிழுமாம். புது ஸ்பிரிங், அதற்கேற்ற நீளமான ஷாக் அப்சார்பர், பெரிய டயர். டயர் பெரிதானால் இழுவை குறையும், அதனால் அச்சுக்குள் இருக்கிற பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.

"முன்னாடியும் பின்னாடியும் ஒரே கணக்குல மாத்தணும் சார். ஒண்ணை மட்டும் மாத்தினா, நாலு சக்கரமும் சேர்ந்து ஓடறப்ப ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்து உடைச்சுக்கும்."

பதினெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கடைசியாகப் பின் அச்சுக்கு ஒரு லாக்கர். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினால் இன்ஜின் சக்தி முழுக்க அந்த வழுக்குகிற சக்கரத்துக்கே போய்விடும், வேலை செய்யக்கூடிய சக்கரம் சும்மா நிற்கும். என் கடை ஊழியர்களைப் பற்றித்தான் பேசுகிறாரோ என்று பார்த்தேன். லாக்கரைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றுமாம். சரி என்றேன். ஒவ்வொரு முடிவையும் நானே எடுத்தேன் என்பதில் எனக்குப் பெருமை.

வீட்டில் ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்றேன். "மாத்துங்க" என்றாள். அச்சில் சத்தம் வருகிறது என்றேன். "பாருங்க" என்றாள். மனைவி ஒரே தடவையில் ஒப்புக்கொண்டால் கணவன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். ஒருநாள் மட்டும், நான் போனில் பொறுமையிடம் லாக்கர் வந்ததா என்று கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது.

"லாக்கரா? என் வளையலை வைக்கவா?"

"ஆமா. வீட்டுல பாதுகாப்பு இல்ல பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். சினை பிடித்திருக்கிறதா என்று மாட்டைப் பார்க்கிற பார்வை. பிறகு போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் ஜீப் வந்தது. இரண்டு அங்குலம் என்று யார் சொல்வார்? பக்கத்தில் நின்றால் எனக்கே நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையில் சரக்கு அடுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேராகக் குவாரிக்குப் போவதாகத் திட்டம்.

ஞாயிறு காலை சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. மலைமேல் பண்ணையில் ஒரு பசு விடியற்காலையிலிருந்து கன்று ஈன முடியாமல் தவிக்கிறது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொன்று உள்ளே மடங்கியிருக்கிறது. இரண்டு நாள் மழையில் பாதை முழுக்கச் சேறு. ஸ்கூட்டர் பாதி வழிகூடப் போகாது.

"சரக்கை நாளைக்கு அடுக்கிக்கலாம். ஜீப்பை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். உள்ளுக்குள் குஷிதான். குவாரிக்குப் பதில் மலை, வேடிக்கை பார்க்க மனைவி. கரடுமுரடான பாதையில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது. பண்ணைக்கு அரை மைல் இருக்கும்போது ஒரு பள்ளம், நிறையச் சேறு. வீரனாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சேறு கண்ணாடிமேல் வந்தது. வண்டி வரவில்லை. இன்னும் மிதித்தேன். இன்னும் இறங்கியது.

"இறங்குங்க."

"தள்ளட்டுமா?"

"வேண்டாம். இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

முழங்கால் சேற்றில் வண்டியைச் சுற்றி வந்தேன். அதற்குள் அவள் மருந்துப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து சேற்றில் பிடிப்பு கிடைக்க நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஏறி உட்கார்ந்தாள். லிவரை லோ கியருக்குத் தள்ளினாள். நான் இன்னும் தேடிக்கொண்டிருந்த லாக்கர் பொத்தானைப் பார்க்காமலே அழுத்தினாள். மிதிக்கவே இல்லை. முரண்டு பிடிக்கிற மாட்டைக் கயிற்றோடு மெல்ல நடத்துவதுபோல வண்டியை நடத்தினாள். ஜீப் ஒருமுறை முனகிவிட்டு மேலே வந்து நின்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தால் என் சரக்குக் கதையும் வெளியே வரும்.

பண்ணையில் பசு படுத்துக் கிடந்தது. பண்ணைக்காரர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தோள்வரை கையைக் கழுவினாள். கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலைத் தேடிப்பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"அது முக்கும்போது மட்டும் இழுங்க. உங்க இஷ்டத்துக்கு இழுக்காதீங்க."

இழுத்தேன். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. ஒரு நிமிஷம் அசைவே இல்லை. அவள் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அது தும்மியது. பண்ணைக்காரர் அழுதார். சேற்றோடு சேறாக நின்ற எனக்கும் கண் கலங்கியது. நான் விற்கிற எந்தக் கண்ணாடியும் அதற்கு உதவாது.

இறங்கும்போதும் அவள்தான் ஓட்டினாள். பாதி வழியில் மெதுவாகக் கேட்டேன், எப்போது தெரியும் என்று.

"நீங்க பொறுமைகிட்ட போன அன்னைக்கே போன் பண்ணிட்டாரு. ஆறு அங்குலம் தூக்கினா மருந்துப் பையோட நான் எப்படி ஏறுறது? அதான் ரெண்டு போதும்னேன். லாக்கரும் நான் சொன்னதுதான். வேலை முடிஞ்சதும் நான் ரெண்டு வாரம் ஓட்டிப் பழகினப்புறம்தான் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா ஒரு வருஷம் யோசிச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாம செய்றதுன்னதும் ரெண்டே மாசத்துல முடிச்சுட்டீங்க."

உண்மையில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது அவள் மலைக்கு ஜீப்பில் போகிறாள், நான் கடைக்கு ஸ்கூட்டரில் போகிறேன். வழியில் பார்த்துக்கொண்டால் அவள் ஹாரன் அடிப்பாள். நான் கை ஆட்டுவேன். சௌக்கியமாகத்தான் இருக்கிறேன்.

போன ஞாயிறு அவளாகவே சாவியைக் கொடுத்து, ஆசைப்பட்ட குவாரிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றாள். முதல்முறையாக வேலிக்கு உள்ளே போனேன். ஜீப்பைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் கை தட்டிக்கொண்டு ஓடி வந்தது. நான் கம்பீரமாக இறங்கினேன். கைதட்டல் நின்றது. தாடிக்காரர் ஒருவர் என்னைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய பாறையைக் காட்டி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"டாக்டரம்மா வரலைங்களா? அப்ப இதுமேல யாரு ஏத்துறது?"