காப்புச்சாமியும் இரண்டாவது பொறியும்

ஐயாத்துரை ட்ரக்டரைப் பின்னுக்கு எடுத்தபோது பின்னுக்குப் பார்க்கவில்லை. பின்சில்லு காப்புச்சாமியின் பந்தலுக்குள் ஏறி, அவர் அருள் ஏற்றி விற்க அடுக்கியிருந்த ஐம்பொன் காப்புகளில் ஒரு பெட்டியை நொறுக்கிவிட்டது.

சாமி கோபிக்கவில்லை. கோபித்தால் வியாபாரம் கெட்டுவிடும். "உன்ர உயிருக்கு வந்த கண்டத்தைக் காப்பு வாங்கியிட்டுது" என்றார்.

அடுத்த நாள் இரணைமடுப் பக்கத்துச் சனமெல்லாம் காப்பு வாங்க வரிசையில் நின்றது. கண்டம் தப்பிய மனிதனைக் காட்ட வேண்டுமே. ஐயாத்துரைக்குப் பந்தல் வாசலில் கதிரை போட்டார்கள். தேத்தண்ணியும் வந்தது. கவனக்குறைவுக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த முதல் மரியாதை. உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பாரா?

மனைவி பத்மாசனியும் ஒரு காப்பைப் போட்டுக்கொண்டு, நீரிழிவுக்கு டொக்டர் தந்த சீனி வருத்தக் குளிசையை நிப்பாட்டிவிட்டா. மூன்றாம் கிழமை குசினியில் தலைசுற்றி விழுந்தா. அப்போதும், "உங்களைக் காப்பாத்தினது என்னைக் காப்பாத்தாதோ? காப்பு பொய்யெண்டு ஆராவது காட்டட்டும், குளிசை போடுறன்" என்றா.

ஐயாத்துரைக்குக் கதிரை சுட்டது.

தங்கச்சி மகள் கஜனி வவுனியாவில் பழைய இரும்புக் கொம்பனி ஒன்றில் உலோகம் வகை பிரிப்பவள். அவர் கூப்பிட, தலைமயிர் காயவைக்கிற மெஷின் மாதிரி ஒன்றோடு வந்தாள்.

"லேசர் பட்டா உலோகம் ஒரு சொட்டு ஆவியாகிப் பொறி பறக்கும், மாமா. ஒவ்வொரு உலோகத்தின்ர பொறிக்கும் தனி வெளிச்சம். அதைப் பிரிச்சு மெஷின் பேரைச் சொல்லும்."

பந்தலில் சனத்துக்கு முன்னால் மாமியின் காப்பைக் கழற்றி வைத்து லேசர் அடித்தாள். டிக். திரையில் பொன். சாமி கைகளை உயர்த்தினார். சனமும் உயர்த்தியது. பழக்கதோஷத்தில் ஐயாத்துரையும்.

"இது மேற்பூச்சு" என்று அதே புள்ளியில் மறுபடி அடித்தாள். துத்தநாகம், கொஞ்சம் அலுமினியம். இன்னும் மூன்று தரம் அடித்தாள். அதேதான். "கதவுக் கைபிடி வார்க்கிற கலவை."

"உந்த மெஷின் பொன்னை எரிச்சுப்போட்டுது" என்றார் சாமி.

"அப்ப உங்கட மோதிரத்தைத் தாங்கோ."

அத்தனை கண்ணும் பார்க்க, சாமி கழற்றித்தான் கொடுத்தார். ஐந்து தரம் அடித்தாள். ஐந்து தரமும் பொன்.

மூன்று காப்பு போட்டிருந்த வடிவம்மா கேட்டா: "சாமி, எங்களுக்குக் கைபிடி, உங்களுக்கு மட்டும் பவுணோ?"

சாமி காற்சட்டை போட்ட ஆளைப்போல ஓடினார், வேட்டியோடு.

ஐயாத்துரைக்கு இன்னும் ஒரு நப்பாசை. "எண்டாலும் பிள்ளை, அண்டைக்குக் காப்பெல்லாம் ஏன் உடைஞ்சுது?"

"நீங்கள் ட்ரக்டரை ஏத்தினபடியால், மாமா. இதை யோசிக்க லேசர் தேவையில்லை. மாமி, குளிசையைப் போடுங்கோ."